நான் தேவனுடைய பிள்ளைதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபத்திலும் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

எல்லா மனிதர்களும் கடவுளின் பிள்ளைகள்தானே? கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ன தனி உரிமை?

ஒரு விதத்தில் எல்லாரும்தான். ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று பவுல் பேசியபோது, கிரேக்கர்களின் புலவர்கள் சொன்ன வரியையே எடுத்து, "நாம் அவருடைய சந்ததியார்" என்று அந்த ஊர்க்காரர்களையும் சேர்த்துத்தான் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). ஆகவே கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரைக் கீழாகப் பார்க்க நமக்கு எந்த அனுமதியும் இல்லை.

ஆனால் யோவான் 1:12 வேறொன்றைப் பேசுகிறது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்கள் "தேவனுடைய பிள்ளைகளாகும்படி, அவர்களுக்கு அதிகாரங்கொடுத்தார்" என்கிறது. படைத்தவர் என்ற முறையில் எல்லாரும் அவருடையவர்கள்தான். வீட்டுக்குள் வந்து "அப்பா" என்று கூப்பிட்டு உட்கார்வது அதற்கு அடுத்தது. அந்த உரிமை கொடுக்கப்பட்டது என்பதால் அதை வைத்துப் பெருமை பேச முடியாது.

எப்போது பிள்ளையாகிறோம்? ஞானஸ்நானத்திலா, மனந்திரும்பிய நாளிலா?

சபைக்குச் சபை பதில் மாறும். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் ஒன்று சொல்லும், முழுக்கு ஞானஸ்நானச் சபைகள் இன்னொன்று சொல்லும். அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு: தேதி தெரிந்திருப்பது முக்கியமில்லை. "இரட்சிக்கப்பட்ட தேதி சொல்லு" என்று கேட்டு, சொல்லத் தெரியாத பிள்ளைகளைச் சிலர் கலங்கடிக்கிறார்கள். பவுலின் உடன் ஊழியர் தீமோத்தேயு பாட்டியிடமும் அம்மாவிடமும் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு எந்தத் தேதி என்று பவுல் எங்கேயும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

"புத்திர சுவிகாரம்" என்று பவுல் சொல்வது தத்தெடுப்பதைத்தானா? அப்படியென்றால் நாம் இரண்டாம் தரப் பிள்ளைகளா?

தத்துதான். ஆனால் அன்றைய ரோமாபுரியில் தத்து என்றால் யாரும் இரண்டாம் தரம் என்று நினைத்ததில்லை. பெயரும் சொத்தும் அறுபடாமல் இருக்க, வளர்ந்த ஆண்களையே பெரிய குடும்பங்கள் சுவிகாரம் எடுத்தன. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபின் உயிலைப் பிரித்துப் பார்த்தால், தன் சகோதரியின் பேரன் ஆக்டேவியனை அவர் மகனாக எழுதி வைத்திருந்தார். இயேசு பிறந்தபோது குடிமதிப்பு எழுதச் சொன்ன அகுஸ்து இராயன் அந்த ஆக்டேவியன்தான். அகுஸ்து கி.பி. 4-இல் திபேரியுவை மகனாக எடுத்தார். பின்னால் வந்த இராயன் கிலவுதியு 50-இல் நீரோவை எடுத்தார். பவுல் ரோமருக்கு எழுதியது சுமார் 57-இல். அப்போது சிங்காசனத்தில் இருந்தவர் அந்த நீரோ. தத்துப்பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று ரோமாபுரி விசுவாசிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் செலவழிக்கும் காசிலேயே ஒரு தத்துப்பிள்ளையின் முகம் இருந்தது.

நம் நாட்டு விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1956-இல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. அதனால் ஒரு கிறிஸ்தவத் தம்பதி பிள்ளையை எடுத்து வளர்த்தாலும், பொதுவாக 1890-ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்தப் பொறுப்பு சட்டப்படி முடிந்துவிடும். சொத்தில் தானாக வரும் உரிமையும் கிடையாது. சிறார் நீதிச் சட்டம் 2000-இல் வந்து, பிறகு திருத்தப்பட்ட பின்புதான் எந்த மதத்தவரும் முழுமையாகத் தத்தெடுக்கும் வழி தெளிவானது. வீட்டில் அத்தனை பாசமாக வளர்த்தும், காகிதத்தில் "அப்பா" என்று எழுத முடியாமல் போன எத்தனையோ பேர் அந்தத் தலைமுறையில் இருந்திருப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் தேவனைப் பிதா என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் அவரைப் பாதுகாவலராகத்தான் வைத்திருக்கிறோம். சாப்பாடு போடுவார், கண்டிப்பார், ஒருநாள் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். ரோமர் 8:15 சொல்வது அதையல்ல. "திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்." அடுத்த இரண்டாவது வசனத்திலேயே சொத்துப் பேச்சு வந்துவிடுகிறது: பிள்ளைகளானால் சுதந்தரருமாமே, அதாவது வாரிசுகளுமாமே.

"நேசகுமாரன்" என்று சொல்லப்பட்டது இயேசுவைத்தானே? அதை நாம் எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

நல்ல கேள்வி. நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் வழியாகத்தான் முடியும்.

யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது நடந்ததைப் பாருங்கள். இயேசுவுக்கு ஏறக்குறைய முப்பது வயது. இன்னும் ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒரு குஷ்டரோகியைத் தொடவில்லை, ஒரு சீஷனை அழைக்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை செய்தவர், மற்றவர்களோடு வரிசையில் வந்து தண்ணீரில் இறங்கி எழும்புகிறார். அப்போதுதான் வானத்திலிருந்து சத்தம் வருகிறது: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." வேலைக்கு முன்பே பிரியம் சொல்லப்பட்டுவிட்டது.

உடனே வனாந்தரம். பசி. பிசாசு வந்து கேட்கிற முதல் வார்த்தை, "நீர் தேவனுடைய குமாரனேயானால்". வானம் சொன்ன "நேச" என்பதை அவன் விட்டுவிட்டான். குமாரன் என்றால் செய்து காட்டு, கல்லை அப்பமாக்கு, மேலிருந்து குதி என்கிறான். நிரூபித்தால்தான் பிள்ளை என்பது அவன் வாதம். இயேசு எதையும் நிரூபிக்கவில்லை, வசனத்தைச் சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார்.

நம் பங்கு எங்கே வருகிறது? பவுல் எபேசியருக்கு எழுதும்போது, தேவன் நமக்குக் கிருபை தந்தது "பிரியமானவருக்குள்" என்கிறார். யோவான் 17-இல் இயேசுவே ஜெபிக்கிறார்: நீர் என்னில் அன்பாயிருக்கிறதுபோல அவர்களிலும் அன்பாயிருக்கிறதை உலகம் அறியவேண்டும் என்று. மகன்மேல் வைத்த அதே அன்பு, குறைத்து ஊற்றாமல். என்னைக் கேட்டால் வேதாகமத்தில் நம்புவதற்கு மிகக் கஷ்டமான வசனம் இதுதான். செங்கடல் பிளந்தது இதைவிட எளிது.

பாவம் செய்துவிட்டால் பிள்ளை என்ற உறவு போய்விடுமா?

லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையில், ஓடிப்போன இளைய மகன் பன்றி மேய்க்கும் வயலில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், குமாரன் என்று சொல்லப்படப் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவது வரவில்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைப் பார்த்து உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மன்னிப்பு கேட்க அனுமதி உண்டு, கூலிக்காரனாக விண்ணப்பம் போட அனுமதி இல்லை.

உறவு போகவில்லை, ஆனால் சுகம் போயிற்று. தூர தேசத்தில் இருந்த நாளெல்லாம் அவன் மகன்தான், பட்டினி கிடக்கிற மகன். அதனால் பாவத்தை லேசாக எடுக்கவும் முடியாது. அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9), யாருக்காவது கெடுதி செய்திருந்தால் போய்ச் சரிசெய்யுங்கள். ஆனால் வீட்டுக்கு வெளியே நின்று, உள்ளே விடுவாரா என்று நாற்பது நாள் உபவாசம் எடுக்காதீர்கள். கதவைத் திறந்துகொண்டு அவர்தான் முதலில் ஓடிவந்தார்.

ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, ஜெபக் குழு என்று எல்லாவற்றிலும் இருக்கிறேன். ஆனால் உள்ளே ஒரே சோர்வும் எரிச்சலும். ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. நம் சபைகளில் இளைய மகன்கள் குறைவு. நாம் பெரும்பாலும் மூத்தவர்கள்.

அதே கதையில் மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். உள்ளே மேளதாளம் கேட்கிறது. விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் சொல்வதைக் கவனியுங்கள்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை (கட்டளையை) மீறாதிருந்தும்" ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே. தம்பியைத் தம்பி என்றுகூடச் சொல்லவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். சின்னவன் வந்து கூலிக்காரனாக ஆசைப்பட்டான். பெரியவன் வீட்டை விட்டுப் போகாமலே கூலிக்காரனாகத்தான் இருந்திருக்கிறான், வருகைப் பதிவேடு உட்பட.

நம் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையில் இன்னார் உபயம் என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போனதும் பெயர் மெதுவாக வாசிக்கக் கிடைக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காற்றில்தான் நாமெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் நம் உழைப்பிலும் அப்படி ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த வருடம் அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். உங்களிடம் கேட்காமலே. பாடகர் குழுவில் உங்கள் இடத்தில் நேற்று வந்த பெண் நிற்கிறாள். அந்த ஞாயிறு நீங்கள் ஆலயத்துக்குப் போவீர்களா?

கோபம் வரும், மனுஷர்தானே. ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். ஆனால் "அப்படியானால் நான் யார்?" என்ற கேள்வியே எழுந்து தூக்கம் போகிறதென்றால், ஊழியத்தைப் பிள்ளைத்தன்மையின் இடத்தில் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அப்பா மூத்தவனுக்குச் சொன்ன பதிலில் திட்டு இல்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை, கதையை அங்கேயே விட்டுவிட்டார்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு பொறுப்பையாவது சில மாதம் இறக்கி வையுங்கள். கமிட்டி கோபிக்கும். கோபிக்கட்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதையும் நடத்தாமல், ஆராதனையில் சும்மா இருந்து பாருங்கள். முதல் வாரம் கை துறுதுறுக்கும்.

என் அப்பா குடித்துவிட்டு அடிப்பார். "பிதாவே" என்று ஜெபிக்கவே வாய் வரவில்லை. இது பாவமா?

பாவமே இல்லை. சூடுபட்ட உங்கள் உடம்பு பயப்படுகிறது, அவ்வளவுதான். "எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்துகிறவர்களின் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அடி இன்னும் தொடர்கிறதென்றால் ஜெபக் குறிப்பு எழுதுவதற்கு முன் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. கூப்பிடுவது அவிசுவாசம் ஆகாது.

வேதாகமம் இந்த வலியை மூடி மறைக்கவில்லை. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்கிறது 27-ஆம் சங்கீதம். பெற்றவர்கள் கைவிடுவதும் நடக்கும் என்று ஒத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறது. ஏசாயா 49-இல் தேவன் தம்மைத் தாயோடு ஒப்பிட்டு, அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்கிறார். பிதா என்ற வார்த்தை தொண்டையில் சிக்கினால் "கர்த்தாவே", "மேய்ப்பரே" என்று கூப்பிடுங்கள். சங்கீதக்காரர்கள் கன்மலை, கோட்டை, அடைக்கலம் என்று எத்தனையோ பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள். பிதா எப்படிப்பட்டவர் என்று தெரிய உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டாம், இயேசுவைப் பாருங்கள். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று சொன்னவர் அவர்தான்.

நேசிக்கப்படுகிறேன் என்ற உணர்வே வரவில்லை. என்ன செய்வது?

உணர்வு வருவதும் போவதும் பல காரணத்தால். தூக்கம், தைராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வு, துக்கம், மனச்சோர்வு நோய் என்று பட்டியல் நீளம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் முதலில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான், தூங்கவும் விட்டான். பிரசங்கம் பிறகுதான்.

"புத்திரர்", "குமாரர்" என்றே வருகிறதே, மகள்கள் எங்கே?

கலாத்தியர் 3-இல் "தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே" என்று சொன்ன கையோடு, "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்கிறார் பவுல். சொத்து மகனுக்கு என்றிருந்த உலகத்தில், பெண்களையும் மகன் இடத்திலேயே உட்கார வைக்கிறார். 2 கொரிந்தியர் 6:18-இல் குமாரத்திகள் நேராகவே வருகிறார்கள். பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டினால் (தீராத இரத்தப்போக்கினால்) அவதிப்பட்டு, ஒளிந்து வந்து வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணை இயேசு கூட்டத்தின் நடுவில் "மகளே" என்று கூப்பிட்டார்.

சபை இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நாள் எடுத்தது தெரியுமா? திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் தீர்ப்பு வாங்கித்தான் அது ஒழிந்தது.

கிறிஸ்துவுக்குள் ஒரே குடும்பம் என்கிறார்கள். வரன் பார்க்கும்போது மட்டும் சாதி கேட்கிறார்களே?

கேட்கிறார்கள். மறுக்க முடியாது. மணமகள் தேவை விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" என்று தொடங்கி அடுத்த சொல்லிலேயே சாதிப் பெயர் வரும்.

பழைய வியாதி இது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது, பலர் சபையை விட்டே விலகினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் நின்றது ஊரறிந்த விஷயம். செத்தபிறகும் தனிப் பந்தி. இன்னொரு பக்கம், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சபைக்குள் சாதி உண்டு, சலுகை கேட்டால் "கிறிஸ்தவர்களுக்கு ஏது சாதி?"

கலாத்தியர் நிருபம் எழுதப்பட்டதே ஏறக்குறைய இந்தப் பிரச்சினைக்காகத்தான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து, பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்றார். பந்தி பிரித்தது அவருக்கு வெறும் பழக்க வழக்கத் தவறாகத் தெரியவில்லை. தேவன் மகனாக எடுத்த ஒருவனை நான் சகோதரனாக எடுக்க மாட்டேன் என்றால், அப்பாவின் கையெழுத்தை நான் ஏற்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் நேசிக்கப்பட்ட பிள்ளை என்று உருகிப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து சாதி விசாரிக்கிறவர், எந்த வீட்டுப் பிள்ளை என்று யோசிக்க வேண்டியவர்.

ராஜாவின் பிள்ளைக்குக் கடன், வியாதி, தோல்வி வரலாமா?

வரும். மேடையில் சிலர் வராது என்கிறார்கள். ரோமர் 8:17 வாரிசுரிமை பற்றிச் சொல்கிற அதே மூச்சில் அவருடனேகூடப் பாடுபடுவதையும் சொல்கிறது. நேசகுமாரனுக்கே சிலுவை இருந்தது.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பரீட்சை ரிசல்ட் வரும் வாரம் ஆலயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை முன்னால் அழைத்துப் பரிசு கொடுத்து, ஸ்தோத்திரம் சொல்கிறோம். ஃபெயிலான பையனின் வீட்டார் அந்த ஞாயிறு வருவதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்த வசனங்கள் எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றில் அடிபட்டுப் போகும். பரிசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாளே அந்தப் பையன் வீட்டுக்கு யாராவது போய், மார்க்கைப் பற்றிப் பேசாமல் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதால் வீட்டில் சேர்ப்பதில்லை. தேவனுடைய குடும்பம் என்கிறீர்கள், அது எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை உங்களைவிட உங்கள் சபைக்குத்தான் கேட்க வேண்டும். மாற்கு 10-இல் இயேசு, தமக்காக வீட்டையும் சகோதரரையும் தகப்பனையும் தாயையும் விட்டவன் இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளையும் சகோதரரையும் சகோதரிகளையும் தாய்களையும் பிள்ளைகளையும் அடைவான் என்கிறார். விட்டவை பட்டியலில் தகப்பன் உண்டு, பெறுகிறவை பட்டியலில் தகப்பன் இல்லை. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மற்றதெல்லாம் சபையார் தர வேண்டியவை: வீடு, அண்ணன், அக்கா, அம்மா.

வீட்டில் உங்களுக்கு இருக்கும் கோபத்தை வளர்க்காதீர்கள். அம்மாவுக்கு போன் பண்ணுவதை நிறுத்தாதீர்கள், அவர் எடுக்காவிட்டாலும். சபையில் ஒரே ஒரு குடும்பத்திடமாவது வெட்கப்படாமல், "எனக்கு வீடு இல்லை" என்று சொல்லுங்கள். சபையார் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், உங்கள் ஆலயத்தில் தனியாக வந்து தனியாகப் போகிற அந்தத் தம்பி, தங்கச்சி யார் என்று உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போகிறார்கள் என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள். ஹாஸ்டல் மெஸ் என்று பதில் வந்தால், உங்கள் வீட்டு பிரியாணிக்கு அரைப்படி அரிசி கூடப் போட வேண்டியிருக்கும்.